தேடி யாரும் வரவில்லை

அக்டோபர் 14, 2024, திங்கள்

சரஸ்வதி பூஜைக்கு அடுக்கிய புத்தகங்களை இன்றுதான் பிரித்து அலமாரிகளில் சேர்த்தோம். மூன்று புத்தகங்களின் அட்டையில் சந்தனம் காய்ந்து ஒட்டியிருந்தது. ஈரத்துணியால் துடைத்தேன். ஒன்றில் கறை போகவில்லை.

எங்கள் பல்கலைக்கழக நூலகத்துக்குள் நுழைந்ததும் இடதுபக்கம் ஒரு நீள மேசை இருக்கும். எந்த நாளுக்கு எந்தப் புத்தகங்களை அதில் வைப்பது என்பது பதினோரு வருடமாக என் பொறுப்பு. ஆசிரியர் தினம், காந்தி ஜெயந்தி, நூலக வாரம், பொங்கல் என்று அந்த மேசையிலேயே வருடம் ஓடிவிடும். டிசம்பர் 26க்கு மட்டும் நான் விடுப்பு எடுத்துக்கொள்வேன். சுனாமி நினைவு நாள் புத்தகங்களை வேறு யாராவது வைப்பார்கள்.

மதியம் சமூகவியல் துறை ஆய்வு மாணவி ஜெனிஃபா வந்தாள். துணிப்பைக்குள் மூன்று நீள நோட்டுகள். சுனாமியின்போது எங்கள் ஊரில் இருந்த சுகாதார ஆய்வாளர் ஒருவர் எழுதியவை. உரியவர்கள் வராமல் அடக்கம் செய்யப்பட்ட ஒவ்வொருவரைப் பற்றியும் உடை, நகை, மச்சம், தழும்பு, புதைத்த இடம் எல்லாம் எழுதி வைத்திருக்கிறார். அவர் போன வருடம் காலமாகிவிட்டார். பீரோவில் கிடந்த நோட்டுகளை அவர் மனைவி இவளிடம் கொடுத்திருக்கிறார்.

"இதையெல்லாம் ஸ்கேன் பண்ணி நம்ம டிஜிட்டல் காப்பகத்துல போடணும் மேடம். பாஸ்வேர்டு எதுவும் வேணாம். யாரு வேணா, எங்கேருந்து வேணா தேடிப் பாக்கணும். இருபது வருசமா யாராவது தேடிக்கிட்டுத்தான் இருப்பாங்க. என் தீசிஸுக்குள்ள மட்டும் பூட்டி வச்சா பாவம்."

நூலகர் தியாகேசன் சார் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "சுகந்திம்மா, இந்த வேலைய வேற யாருக்காவது குடுத்துடவா?"

"எனக்கென்ன சார். நானே செய்யுறேன்" என்றேன்.

அக்டோபர் 21, திங்கள்

ஓப்பன் ஆக்சஸ் வாரம் தொடங்கியது. பேனரில் 'அறிவு அனைவருக்கும்' என்பதில் ஒரு 'னை' விட்டுப்போயிருந்தது. பத்து மணிக்குத் துணைவேந்தர் வருவதற்குள் தாளில் எழுதி ஒட்டினேன்.

ஆய்வுகள் பூட்டிக் கிடக்கக் கூடாது, மக்கள் வரிப்பணத்தில் நடப்பது மக்களுக்குத் திறந்திருக்க வேண்டும் என்று துணைவேந்தர் பேசினார். ஜெனிஃபாவின் நோட்டுகளைப் பற்றிச் சொல்லி, சுனாமியின் இருபதாம் ஆண்டு நினைவு நாளில் அந்தத் தொகுப்பு வெளியாகும் என்று அறிவித்தார். கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

வீட்டில் இவரிடம் சொல்லவில்லை. மின்வாரியத்திலிருந்து ஓய்வு பெற்ற பிறகு இவருக்குக் காலை பேப்பரும் மாலை நடையும்தான் உலகம். அதைக் கலைப்பானேன்.

அக்டோபர் 31, வியாழன்

தீபாவளி. எண்ணெய் வைத்துக் குளித்தோம். இரண்டு பேருக்கு எதற்குப் பலகாரம் என்று அதிரசம் மட்டும் வாங்கி வந்தார். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் வெடி போட்டார்கள். கதவைச் சாத்திக்கொண்டேன்.

நவம்பர் 5, செவ்வாய்

நோட்டுகளை ஸ்கேன் செய்து முடித்தாயிற்று. மொத்தம் 612 பதிவுகள். ஒவ்வொன்றையும் படித்து வயது, ஆண் பெண், உடை, அடையாளம், இடம் என்று தனித்தனிக் கட்டங்களில் தட்டச்சு செய்ய வேண்டும். அப்போதுதான் தேடினால் கிடைக்கும்.

வரிசையாகப் போகாமல், ஐந்து வயதுக்குட்பட்ட பெண் குழந்தைகளை முதலில் முடித்துக்கொள்ளலாம் என்று எடுத்தேன். எங்காவது தொடங்க வேண்டும் அல்லவா.

சுகாதார ஆய்வாளரின் எழுத்து மணிமணியாக இருக்கிறது. அவ்வளவு பிணங்களுக்கு நடுவே நின்று எப்படிக் கோடு சாயாமல் எழுதினாரோ.

நவம்பர் 11, திங்கள்

முதல் இரண்டு நோட்டுகளிலும் உள்ள பெண் குழந்தைகள் முடிந்தார்கள். முப்பத்தாறு பேர். மஞ்சள் கவுன். ஒற்றைக் கொலுசு. இடுப்பில் கறுப்புக் கயிறு. கையில் பிடித்த பிஸ்கட் பாக்கெட்டைப் பிரிக்க முடியவில்லை என்று ஒன்றில் இருந்தது.

ஒன்றும் இல்லை. சாப்பாட்டு டப்பாவை அப்படியே வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

"ஏன் சாப்பிடல?" என்றார்.

"மீட்டிங்" என்றேன்.

நவம்பர் 14, வியாழன்

நூலக வாரம் தொடக்கம். பள்ளிப் பிள்ளைகள் இருநூறு பேர் வரிசையில் வந்து மேசையைப் பார்த்தார்கள். ஒரு சிறுமி, "இதெல்லாம் நீங்க படிச்சிட்டீங்களா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். "அப்புறம் ஏன் இங்க இருக்கீங்க?" என்றாள். அவளுடைய டீச்சர் அதட்டினார்.

மூன்றாவது நோட்டைத் திறந்தேன். மற்ற இரண்டையும்விட மெல்லியது. முதல் பக்கத்தில், 'கல்யாண மண்டபத் தற்காலிக மருத்துவமனை. உயிரோடு கொண்டுவரப்பட்டுப் பின் இறந்தவர்கள்' என்று எழுதியிருந்தது.

அந்த மண்டபம் எனக்குத் தெரியும். கீழே சாப்பாட்டுக் கூடம், மேலே தாலி கட்டும் கூடம். அலை அடித்த அன்று மதியம் என்னை அங்கேதான் கொண்டுபோனார்கள். வலது கால் இரண்டு இடத்தில் உடைந்திருந்தது. சாப்பாட்டு மேசைகளை ஒதுக்கிவிட்டுத் தரையில் பாய் விரித்து, அடிபட்ட பெண்களை வரிசையாகப் போட்டிருந்தார்கள். நான்கு நாள் இருந்தேன். பிறகு தஞ்சாவூருக்கு அனுப்பினார்கள். காலில் இருக்கும் கம்பி அங்கே வைத்தது.

இன்று இதற்குமேல் படிக்கவில்லை. நூலக வார வேலைகள் நிறைய.

நவம்பர் 19, செவ்வாய்

மூன்றாவது நோட்டு, எண் 27. எழுத்து மாறாமல் இங்கே எழுதி வைக்கிறேன்.

'பெண் குழந்தை. வயது மூன்றரை இருக்கலாம். 26ஆம் தேதி மாலை 5 மணிக்கு உப்பளத்துக் கரையிலிருந்து மீனவர் இருவர் தூக்கி வந்தனர். நினைவு இருக்கிறது. பெயர் கேட்டால் எக்கியா என்கிறது. அப்பா பெயர் கேட்டால் அப்பா என்கிறது. இடது முன்கையில் பழைய சூட்டுத் தழும்பு, முக்கோண வடிவம். மூச்சுத் திணறல் அதிகம். மாடியில் ஜன்னலோரப் படுக்கை. 28ஆம் தேதி காலை 6.40க்கு இறந்தது. தேடி யாரும் வரவில்லை. ஜக்கியா என்ற பெயராக இருக்கலாம் என்று பள்ளிவாசல் ஜமாத்தார் கேட்டு வாங்கி அடக்கம் செய்தனர்.'

இலக்கியாவுக்கு 'ல' வராது. எக்கியா என்றுதான் சொல்வாள். எலியைக் கூட எயி என்பாள்.

தழும்பு இஸ்திரிப் பெட்டி பட்டது. வேலைக்குப் போகிற அவசரத்தில் இவர் சட்டை தேய்த்துவிட்டுப் பெட்டியைத் தரையில் வைத்துவிட்டார். பெட்டியின் முனை அப்படியே அவள் கையில் பதிந்தது. ஒரு மாதம் இவர் இஸ்திரி போடாத சட்டையோடுதான் ஆபீஸ் போனார்.

கடற்கரையில் அவளைக் கையில் பிடித்திருந்தவரும் இவர்தான். அலை கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு போனதைக் கண்ணால் பார்த்தவர். அதனால் முதல் நாளிலிருந்தே இறந்தவர்களுக்கிடையில்தான் தேடினார். மாலையில் நான் படுத்திருந்த இடத்துக்கு வந்து, "எல்லாத்தையும் பாத்துட்டேன். இல்ல" என்பார். அடுத்த நாளும் அதையே சொன்னார். துணியை விலக்கி விலக்கி அவர் விரல்களில் பினாயில் வாசனை.

நான் சாப்பாட்டுக் கூடத்தில் மல்லாக்கப் படுத்திருந்தேன். கால் அசைக்க முடியாது என்பதால் கூரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். மேலே பிள்ளைகள் அழும் சத்தம் கேட்கும். ஊசி போடுவார்கள், தூங்கிவிடுவேன்.

அந்தக் கூரைக்கு மேலேதான் அவள் இருந்திருக்கிறாள். இரண்டு இரவும் ஒரு முழுப் பகலும்.

நவம்பர் 20, புதன்

விடுப்பு. தலைவலி என்று சொன்னேன்.

நவம்பர் 21, வியாழன்

இன்று ஒரு காரியம் செய்தேன். 27ஆம் எண் உள்ள பக்கத்தின் ஸ்கேனைத் தொகுப்பிலிருந்து எடுத்துவிட்டேன். அந்தப் பக்கத்தில் அந்தப் பதிவு ஒன்று மட்டும்தான் இருந்தது. அந்த இடத்தில் 'பக்கம் சேதமடைந்துள்ளது' என்று குறிப்பு எழுதினேன். அசல் நோட்டை என் மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டினேன்.

இருபத்தெட்டு வருடப் பணியில் ஒரு பக்கத்தைக்கூட நான் மறைத்ததில்லை. பக்கம் கிழித்த மாணவர்களுக்கு எத்தனையோ முறை எழுத்துமூலம் எச்சரிக்கை கொடுத்திருக்கிறேன்.

வேறு என்ன செய்வது? இவர் படித்தால்? 'தேடி யாரும் வரவில்லை' என்று எழுதியிருக்கிறதே.

நவம்பர் 27, புதன்

மூன்று நாளாக மழை. கீழ்த்தளத்தில் பழைய பருவ இதழ்கள் இருக்கும் அறைக்குள் தண்ணீர் ஏறியது. கட்டுக்கட்டாகத் தூக்கி மேலே வைத்தோம். கால் கம்பி இருக்கும் இடத்தில் விண்விண்ணென்று தெறிக்கிறது.

நனைந்த தலையோடு ஜெனிஃபா வந்தாள். "மேடம், 611தான் வருது. ஒண்ணு குறையுது."

"மூணாவது நோட்டுல ஒரு பக்கம் கெட்டுப்போச்சும்மா. படிக்க முடியல."

"நான் வாங்குறப்ப நல்லாத்தானே இருந்துச்சு?"

"தாள் பழசு. ஸ்கேன்ல வைக்கிறப்ப போயிருக்கும்."

அவள் என்னை நம்பினாள். அதுதான் கஷ்டமாக இருந்தது. "பரவால்ல மேடம், உங்க மேல தப்பு இல்ல" என்று எனக்கே ஆறுதல் சொன்னாள்.

மாலையில் தியாகேசன் சாரிடம் போனேன். மூன்றாவது நோட்டை மொத்தமாகப் பொதுப் பார்வையிலிருந்து விலக்கி வைக்கலாம், இறந்தவர்களின் அந்தரங்கம் என்று ஒன்று இருக்கிறது, குடும்பங்களின் மனசு என்று ஒன்று இருக்கிறது என்றெல்லாம் சொன்னேன். குரல் உயர்ந்துவிட்டது போலிருக்கிறது.

அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "போன வருசம் வரைக்கும், 'எல்லாத்தையும் தொறந்து விடுங்க'ன்னு என்கிட்ட சண்ட போட்டவங்க நீங்கதானேம்மா" என்றார். "எழுதிக் குடுங்க. கமிட்டியில வைக்கிறேன்."

எழுத உட்கார்ந்தேன். இரண்டு வரிக்குமேல் போகவில்லை.

டிசம்பர் 4, புதன்

இன்று செல்லக்கிளி என்ற அம்மா வந்தார்கள். மீன் விற்பவர். அறுபத்தைந்து வயதிருக்கும். பேப்பரில் செய்தி வந்திருக்கிறது என்று யாரோ சொன்னார்களாம். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு உள்ளே வந்தார்கள். செருப்போடு வரலாம் என்று சொல்லியும் கேட்கவில்லை.

"எம்மவன் முருகையன். பன்னெண்டு வயசு. செவப்பு டவுசர். ஒரு காது மடல்ல சின்னதா ஓட்ட இருக்கும், நாய் கடிச்சது."

இன்னும் வெளியிடவில்லை, 26ஆம் தேதிக்குமேல் வாங்க என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்ல வாய் வரவில்லை. உட்காரவைத்துத் தேடினேன். இரண்டாவது நோட்டு, எண் 188. சிவப்பு அரைக்கால் சட்டை. வலது காது மடலில் துவாரம். தெற்குத் தெரு மயானம், மூன்றாவது குழி.

படித்துக் காட்டினேன். அந்த அம்மா அழவில்லை. "எழுதி வச்சிருக்காங்களா?" என்று இரண்டு முறை கேட்டார்கள். "காதையும் எழுதியிருக்காங்களா?"

"எழுதியிருக்காங்கம்மா."

"அப்ப யாரோ அவன நல்லாப் பாத்திருக்காங்க."

தாளில் அச்செடுத்துக் கொடுத்தேன். முந்தானையில் முடிந்துகொண்டு போனார்கள். ஒருமுறை திரும்பிப் பார்த்து, "ஒங்களுக்குப் புள்ளைங்க இருக்கா?" என்றார்கள்.

"இல்ல" என்றேன்.

சொல்லி முடித்த பிறகுதான் நான் சொன்னது என்னவென்று எனக்கே கேட்டது.

டிசம்பர் 9, திங்கள்

இன்று இவர் கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது கேட்டேன். எப்படிக் கேட்டேன் என்று தெரியவில்லை.

"அந்தக் கல்யாண மண்டபத்துல நீங்க எங்கெல்லாம் பாத்தீங்க?"

கை நின்றது. இருபது வருடத்தில் நாங்கள் இதைப் பேசியதில்லை. "பின்பக்கம். சமையக்கட்டுக்கு வெளிய வரிசையா வச்சிருந்தாங்கள்ல. தினம் போய்ப் பாத்தேனே."

"மாடிக்கு?"

"மாடியில உசுரோட இருந்த புள்ளைங்களத்தான வச்சிருந்தாங்க." கீரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "அங்க எதுக்கு? நான்தான் கண்ணால பாத்தேனே, சுகந்தி. தண்ணி மேல மூடிருச்சு."

"ம்."

"ஏன் கேக்குற?"

"சும்மா. லைப்ரரியில சுனாமி புத்தகம் எடுத்து வைக்கணும். ஞாபகம் வந்துச்சு."

தண்டையும் இலையையும் சேர்த்து ஒரே பாத்திரத்தில் போட்டுவிட்டார். நான் பிரித்து எடுத்தேன்.

டிசம்பர் 16, திங்கள்

அரைநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு பள்ளிவாசல் தெருவுக்குப் போனேன். பஸ்ஸில் இருபது நிமிடம். இருபது வருடமாக அந்தத் தெருவைத் தாண்டித்தான் சந்தைக்குப் போய் வந்துகொண்டிருக்கிறேன்.

வாசலில் மோதினார் இருந்தார். பாங்கு சொல்பவர், வயதானவர், பெயர் காசிம் பாய். தலையில் முக்காடு போட்டுக்கொண்டு நின்றேன். சுனாமியில் அடக்கம் செய்த ஒரு குழந்தையைப் பற்றிப் பல்கலைக்கழகத்திலிருந்து விசாரிக்க வந்திருக்கிறேன் என்றேன்.

"ஜக்கியாவா?" என்றார் உடனே.

தலையசைத்தேன்.

"உள்ள மையவாடிக்குப் பொம்பளைங்க வர்றதில்லம்மா. இந்தப் பக்கம் வாங்க, சொவரோரமா நின்னாத் தெரியும்." அடக்கத்தலத்தின் மதில் இடிந்து தாழ்ந்திருந்த இடத்துக்குக் கூட்டிப் போனார். "அதோ, அந்த ரெண்டாவது வேம்பு. அதுக்குக் கெழக்கால சின்னதா மேடு இருக்கு பாருங்க. நான்தான் கையில வாங்கி எறக்கினேன். எடையே இல்ல."

சின்ன மேடு. தலைமாட்டில் ஒரு கல் நட்டிருந்தது. சுற்றிலும் புல் செதுக்கியிருந்தது.

"வருசா வருசம் அந்த நாள்ல யாசீன் ஓதுவோம். புள்ளைங்களுக்கு மிட்டாய் குடுப்போம். மண்டபத்துல நர்ஸம்மா ஒண்ணு இருந்துச்சு. அதுதான் சொல்லுச்சு, 'பாய், ராத்திரியெல்லாம் அப்பா அப்பான்னுச்சு, தூக்கி வச்சுக்கிட்டே இருந்தேன்'னு. அந்தம்மா மடியிலதான் போச்சாம்." மதில் மேல் கிடந்த சருகைத் தட்டிவிட்டார். "எங்களுக்கு ஒரே ஒரு கொறைதான். யார் பெத்த புள்ளைன்னு தெரியாமலே போச்சு. தேடிக்கிட்டு வந்தா காமிக்கலாமேன்னு நானும் இருக்கேன்."

சொல்லியிருக்கலாம். சொன்னால் அவர் ஜமாத்தில் சொல்வார், ஊருக்குத் தெரியும், இவர் காதுக்கும் போகும். ஒரு மாடிப்படி ஏறவில்லை என்று ஊர் பேசும்.

"தெரிஞ்சா சொல்றேன் பாய்" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. உட்காரவில்லை.

டிசம்பர் 18, புதன்

27ஆம் எண் உள்ள பக்கத்தைத் திரும்பச் சேர்த்தேன். 612.

ஜெனிஃபாவிடம், "நோட்டை இன்னொரு தடவ பாத்தேன்மா, படிக்க முடிஞ்சுது" என்றேன். அவள் சந்தோஷத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டாள். பெயர்க் கட்டத்தில் என்ன போடலாம் என்று கேட்டாள். நோட்டில் உள்ளபடியே 'எக்கியா' என்று போடச் சொன்னேன். 'உரியவர்' கட்டத்தில், மற்றவற்றில் இருப்பதுபோல, 'இல்லை' என்று வந்தது. அந்தக் கட்டத்தை நான் தொடவில்லை. இலக்கியா என்று தேடினால் எதுவும் கிடைக்காது. கம்ப்யூட்டருக்கு அவளுடைய மழலை தெரியாது.

தியாகேசன் சாரிடம் போய், கமிட்டிக்கு எதுவும் எழுதவில்லை என்றேன். அவர் ஏன் என்று கேட்கவில்லை.

டிசம்பர் 25, புதன்

விடுமுறையிலும் போக வேண்டியிருந்தது. மேசையில் புத்தகங்கள், படங்கள், தேடிப் பார்க்க நான்கு கம்ப்யூட்டர்கள். கம்ப்யூட்டர் தெரியாதவர்களுக்கு அச்சடித்த படிவமும் வைத்தோம். 'இந்தப் பதிவில் உள்ளவர் உங்கள் உறவினர் என்றால் நிரப்பவும்' என்று மேலே போட்டிருக்கிறது. நிரப்பிப் பெட்டியில் போட்டால் நாங்கள் பதிவில் சேர்த்துவிடுவோம்.

இந்த வருடம் விடுப்பு கேட்கவில்லை.

டிசம்பர் 26, வியாழன்

மாவட்ட அதிகாரிகள் வந்தார்கள். மெழுகுவத்தி ஏற்றினார்கள். இரண்டு நிமிட மௌனம். அந்த இரண்டு நிமிடத்தில் யாருடைய செல்போனோ மூன்று முறை அடித்தது. துணைவேந்தர் பொத்தானை அழுத்தினார், திரையில் தொகுப்பு வந்தது.

பதினொரு மணிக்குமேல் ஊர்ச் சனங்கள் வரத் தொடங்கினார்கள். நான் புத்தகம் கொடுக்கும் கவுன்டருக்குப் பின்னால் இருந்தேன். நிமிர்ந்தபோது இவர் வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

ஒவ்வொரு வருடமும் இந்த நாளில் காலையிலேயே கடலுக்குப் போய்ப் பால் ஊற்றிவிட்டு வருவார். இன்றும் போயிருக்கிறார். வேட்டி ஓரத்தில் ஈரமணல். பேப்பரில் பார்த்ததாக யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார். ஜெனிஃபா அவரை உட்கார வைத்தாள். அவர் யாரென்று அவளுக்குத் தெரியாது.

"யாரத் தேடணும் ஐயா?"

"பொண்ணு. மூணு நாலு வயசு."

"பேரு?"

"பேரு வேணாம்மா. எல்லாரையும் காட்டு."

ஐந்து வயதுக்குட்பட்ட பெண் குழந்தைகள் எல்லோருமாக முப்பத்தெட்டு பதிவுகள் வந்திருக்கும். அவர் ஒவ்வொன்றாகப் படித்தார். உதடு அசைந்தது. அவருக்குப் பின்னால் இரண்டு பேர் காத்திருந்தார்கள். ஜெனிஃபா அவர்களை வேறு கம்ப்யூட்டருக்கு அனுப்பினாள். நான் திரும்பி வந்த புத்தகங்களுக்கு முத்திரை போட்டேன். ஒரே புத்தகத்துக்கு இரண்டு முறை போட்டிருக்கிறேன் என்று பிறகு தெரிந்தது.

நடுவில் ஒருமுறை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். திரும்பப் போட்டுக்கொண்டார். அப்புறமும் தொடர்ந்து படித்தார். கடைசி வரை படித்தார். நாற்பது நிமிடம் ஆகியிருக்கும்.

எழுந்து நேராகக் கவுன்டருக்கு வந்தார்.

"எல்லாத்தையும் பாத்துட்டேன், சுகந்தி. நம்ம புள்ள இதுல இல்ல."

அவர் முகத்தில் ஒன்றும் இல்லை. மூன்றாவது நோட்டின் வரிகள் திரையில் சின்ன எழுத்தில்தான் வரும். அவருக்குக் கண்புரை ஆரம்பம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். படிக்க முடியாமல் போயிருக்கலாம்.

"சரி" என்றேன். "வெயில் ஏறிடுச்சு. ஆட்டோவுல போங்க."

"நீ அதெல்லாம் படிக்காத" என்றார். "மனசுக்கு ஆவாது."

டிசம்பர் 27, வெள்ளி

மேசையைப் பிரித்தோம். புத்தாண்டுக்கு நாட்குறிப்புகளும் பயண நூல்களும் வைக்கச் சொன்னார்கள்.

டிசம்பர் 30, திங்கள்

இவர் சரியாகச் சாப்பிடுவதில்லை. கேட்டால் வயிறு மந்தம் என்கிறார். நேற்று மாலை நடைக்குப் போனவர் வழக்கத்தைவிட ஒரு மணி நேரம் கழித்து வந்தார். மாடிப்படி ஓரத்தில் உட்கார்ந்திருந்தாராம், யார் வீட்டு மாடிப்படி என்று சொல்லவில்லை.

ஜனவரி 3, 2025, வெள்ளி

படிவப் பெட்டியை இன்று திறந்தோம். பதினேழு படிவங்கள். பதிவில் சேர்க்க என்னிடம் கொடுத்தார்கள்.

ஒன்பதாவது படிவம் இவர் கையெழுத்து. அன்று வெளியே போகும் வழியில் எழுதிப் போட்டிருக்க வேண்டும்.

மின்வாரியத்தில் மீட்டர் அட்டையில் எழுதி எழுதி வந்த எழுத்து. சாய்வில்லாமல், ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாக நிற்கும்.

'பதிவு எண்: மூன்றாம் நோட்டு, 27.
பெயர்: சி. இலக்கியா.
வயது: மூன்று வருடம் ஏழு மாதம்.
உங்களுக்கும் இவருக்கும் உள்ள உறவு: அப்பா.
அப்பா பெயர்: இரா. சிகாமணி.
அம்மா பெயர்:'

அந்தக் கட்டம் காலி.

கீழே, 'வேறு ஏதேனும் சொல்ல விரும்பினால்' என்ற இடத்தில் எழுதியிருந்தார்:

'நான் மாடிக்குப் போய்ப் பார்க்கவில்லை. இதை அவள் அம்மாவுக்குத் தெரிவிக்க வேண்டாம். அவள் அந்த மண்டபத்தில் கீழேதான் படுத்திருந்தாள். தெரிந்தால் தாங்க மாட்டாள்.'

படிவங்கள் என் மேசைக்குத்தான் வரும் என்று அவருக்குத் தெரியாது. இருபத்தெட்டு வருடத்தில் என் வேலை என்னவென்று நானும் விளக்கிச் சொன்னதில்லை.

கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஜெனிஃபா இரண்டு முறை தட்டிவிட்டுப் போனாள்.

பிறகு எழுந்து முகம் கழுவிவிட்டு வேலையைச் செய்தேன். எக்கியா என்ற பெயருக்குப் பக்கத்தில் இலக்கியா என்று சேர்த்தேன். வயதைத் திருத்தினேன். அப்பா பெயர் எழுதினேன். அம்மா பெயரை அவர் விட்டிருந்தபடியே விட்டேன். கடைசியில் எழுதியிருந்ததைப் பதிவில் ஏற்றவில்லை. படிவத்தை மட்டும் கோப்பில் வைத்தேன். 'உரியவர்' என்ற கட்டத்தில் 'இல்லை' என்பதை அழித்துவிட்டு 'உண்டு' என்று போட்டேன்.

சேமிக்கவா என்று கேட்டது. ஆம் என்று அழுத்தினேன்.

மாலையில் வீட்டுக்குப் போனபோது இவர் ரசம் வைத்திருந்தார். உப்பு இல்லை. இரண்டு பேரும் சொல்லாமல் சாப்பிட்டோம்.

"நாளைக்குக் காலையில பள்ளிவாசல் தெரு வரைக்கும் போயிட்டு வரேன்" என்றார்.

"என்ன வேலை?"

"ஒருத்தரப் பாக்கணும்."

"சரி" என்றேன். யாரை என்று கேட்கவில்லை. கேட்டால் பாவம், இன்னொரு பொய் சொல்ல வேண்டியிருக்கும்.